வடக்குச் சுவரடிப் புதினா

அந்தக் கண்ணாடிக் கிளாஸ் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. உயரமான கிளாஸ். உள்ளே இளஞ்சூட்டுத் தண்ணீர், கசக்கிப் போட்ட புதினா இலை, இரண்டு சொட்டுத் தேசிக்காய்ப் புளி. என் மகள் ஆரணி அதை இரண்டு கையாலும் பிடித்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். குடித்து முடித்து, அடியில் ஒட்டிக் கிடந்த இலையையும் விரலால் வழித்து வாயில் போட்டாள்.

வயிற்றில் பிள்ளை தங்கிய நாளிலிருந்து சத்தி, சத்தி என்று ஓயாமல் வாந்தியெடுத்துக் கிடந்தவள். என் சோறு நிற்கவில்லை, என் சொதி நிற்கவில்லை, வெறும் தண்ணீர்கூட நிற்கவில்லை.

இது நடந்தது கெல்லிவில்லில், அவளுடைய மாமியார் வீட்டுக் குசினியில். நான் அங்கே கால் நிலத்தில் எட்டாத ஒரு உயரக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா விஜயா கிளாஸை அவளுக்கு முன்னால் வைத்தார். வைத்த கையோடு உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். பிள்ளை குடிக்குதா, ஓங்காளிக்குதா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதென்ன கவனிப்பு என்று நான் எனக்குள்ளே நினைத்தேன்.

"குடிச்சது நிக்குதே பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஆமா," என்றாள் ஆரணி.

ஆமாவாம். யாழ்ப்பாணத்துத் தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்து, மெரிலேண்ட்ஸில் வளர்ந்து, இங்கிலீஷ் பேசாத நேரமெல்லாம் 'ஓம்' என்று மட்டுமே சொல்லிப் பழகிய வாய் அது. கலியாணம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

பொறாமை வராதோ என்று கேட்ட அன்ரிக்கு

போன கிழமை இந்தப் பத்தியில் நான் கார் ஓடப் பழகிய கதையை வாசித்துவிட்டு ஒரு அன்ரி தொலைபேசி எடுத்தா. "எல்லாரையும் நல்லாத்தான் எழுதுறீர் பிள்ளை. உமக்கு ஒருத்தரிலயும் பொறாமை வாறேல்லையோ?" என்று கேட்டா. வராமல் என்ன, அன்ரி. இந்தக் கிழமை முழுக்க அதுதான். ஆறுதலாக வாசியுங்கோ.

விஜயா கோயம்புத்தூர்க்காரி. என் மருமகன் கார்த்திக்கின் தாய். மனிசன் செத்த பிறகு மகனோடு வந்து இருக்கிறார். வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க என்று வாய் நிறைய மரியாதை. பேச்சில் ஒரு பிசகு கிடையாது, அதுதான் எனக்குக் கோபம். ஒருவரை எங்களுக்குப் பிடிக்காமல் போவதென்றால் அவரும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டாமா?

அவர்கள் வீட்டுப் பின்வளவு இரண்டு பாய் விரிக்கிற அளவு. புது வீடுகள் எல்லாம் அப்படித்தான். ஆனால் வீட்டின் பின்சுவர் வடக்கைப் பார்த்து நிற்கிறது. பூமியின் தென்பாதியில் உள்ள இந்த நாட்டில் வெயில் வடக்குப் பக்கமிருந்துதான் வரும், யூலையில்தான் குளிர்காலம். அந்தச் சுவரடியில், வெந்நீர்ப் பெட்டிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே ஒரேயொரு பூச்சாடி வைக்க இடம் உண்டு. குளிர்காலத்திலும் அங்கே கை வைத்தால் சுடும்.

அந்த இடத்தில்தான் விஜயாவின் புதினா இருந்தது. ஊரில் உள்ள புதினாவெல்லாம் யூலை மாதப் பனியில் கருகிக் குச்சியாய் நிற்க, அது மட்டும் ஊதாத் தண்டோடு கொழுகொழுவென்று நின்றது.

தண்டைத் தொட்டுப் பார்த்திருக்கலாம்

நான் யாழ்ப்பாணத்தில் ஏ லெவலுக்குத் தாவரவியல் படித்தவள். டொக்டருக்குப் படிக்கப் புள்ளி போதவில்லை. இப்போது பரமட்டாவில் ஒரு ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுக்கிறேன். ஆனாலும் ஒரு செடியைப் பார்த்தால் இன்றைக்கும் கை முதலில் தண்டுக்குத்தான் போகும்.

புதினாவின் தண்டை விரலுக்குள் வைத்து உருட்டிப் பாருங்கள். உருளாது. நாலு பக்கம் உள்ள தண்டு அது. இலைகள் சோடி சோடியாக எதிரெதிரே நிற்கும், அடுத்த சோடி குறுக்கே திரும்பி நிற்கும். துளசியும் அப்படி, தும்பையும் அப்படி, கற்பூரவள்ளியும் அப்படி. வெள்ளைக்காரர் வேலியோரம் வைக்கிற லாவெண்டரும் ரோஸ்மேரியும்கூட இதே குடும்பம்தான். இந்த மண்ணுக்கே சொந்தமான ஒரு புதினா ஆற்றோரங்களில் படரும். எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்.

வாசம் இருப்பது இலையின் தோலில், கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பைகளில். கசக்கினால் அவை உடையும். கொதிக்க வைத்தால் வாசம் ஆவியோடு போய், குசினி மணக்கும், கிளாஸ் மணக்காது. இதெல்லாம் தெரிந்த எனக்கு விஜயாவின் புதினாவைத் தோற்கடிப்பது என்ன பெரிய வேலை என்றுதான் நினைத்தேன்.

எங்கள் பின்வளவு தெற்குப் பார்த்தது. குளிர்காலத்தில் அங்கே வெயில் எட்டிப் பார்க்காது. அதனால் கடைகளுக்குப் போனேன். மெரிலேண்ட்ஸ் லெபனான்காரர் கடையில் புதினாக் கட்டுக் கட்டாகக் குவிந்திருக்கும். அவர்கள் அதைப் பச்சையாகவே சலாட்டில் அரிந்து போடுவார்கள். அடுத்த ஆப்கான் கடையில் காய்ந்த புதினா பையில் விற்கும், தயிரில் தூவுவதற்கு. எல்லாவற்றிலும் வாங்கினேன். நர்சரியில் சொக்லேட் வாசம் வீசுகிற ஒன்று, அப்பிள் வாசம் வீசுகிற இன்னொன்று. குசினி யன்னலடி முழுக்கச் சாடி.

"இதென்ன, மருந்துக்கடை துறக்கப் போறீரோ?" என்றார் என் மனிசன்.

ஆரணி ஒவ்வொன்றையும் மணந்து பார்த்துத் தலையை ஆட்டினாள். அத்தையின் புதினா இது இல்லையாம்.

பிறகுதான் அந்தக் கூத்து. ஒரு வேலை நாள், அவசரமாக ஒரு கடைக்குள் ஓடி, 'வியட்நாம் புதினா' என்று எழுதியிருந்த கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பச்சையாக, புதிதாக இருந்தது. பின்னேரம் வீட்டுக்கு வந்த மகளுக்குக் கசக்கிப் போட்டுக் கொடுத்தேன். ஒரு மிடறுதான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள்.

பிறகு அந்தத் தண்டை எடுத்து உருட்டிப் பார்த்தேன். சுகமாக உருண்டது. வட்டத் தண்டு, முழங்கால் மாதிரிக் கணுக்கள். பெயரில்தான் புதினா, குடும்பம் வேறு. மிளகு போல உறைக்கிற இலை. தாவரவியல் படித்தவள் தண்டைத் தொடாமல் இலையைக் கசக்கியிருக்கிறாள் என்றால், எவ்வளவு பொறாமை கண்ணை மறைத்திருக்க வேண்டும்.

குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "இப்ப எப்பிடியிருக்கு, பிள்ளை? வந்திட்டுதே? எல்லாம் வந்திட்டுதே?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு அறை

எங்கள் வழக்கத்தில் தலைப்பிள்ளைக்குப் பெண் தாய் வீட்டுக்குத்தான் வருவாள். அவர்கள் பக்கத்திலும் அப்படித்தான் என்று விஜயாவே சொன்னார். அதனால் அவளுடைய பழைய அறைக்குப் புதிதாகச் சாயம் அடித்து, திரைச்சீலை மாற்றி, தொட்டில் வைக்க இடம் விட்டு வைத்திருந்தேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குக் கறிக்கு மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாம் வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்தாயிற்று. வேலையில் லீவும் கேட்டுவிட்டேன்.

ஆரணி காரில் வைத்துத்தான் சொன்னாள். நான்தான் கார் ஓடிக்கொண்டிருந்தேன், அதனால் திரும்பிப் பார்க்க முடியாது. தெரிந்துதான் அந்த நேரத்தைப் பிடித்திருப்பாள்.

"அம்மா, கோவிக்காதேங்கோ. பேபி பிறந்தாப் பிறகு நான் கெல்லிவில்லிலயே நிக்கட்டே? ஹொஸ்பிட்டலும் கிட்ட. அங்க எனக்குக் கொஞ்சம் ரிலாக்ஸா இருக்கும்."

"அதுக்கென்ன, நில்லன்," என்றேன்.

அன்று பின்னேரம் உருளைக்கிழங்கு தோல் சீவினேன். சீவி முடிய, கிழங்கைவிடத் தோல்தான் கூட இருந்தது.

"அவள் கேட்டுத்தானே செய்யிறாள். அதுவே பெரிய விசயம்," என்றார் மனிசன்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ," என்றேன்.

ஏன் கெல்லிவில்லில் ரிலாக்ஸ்? என்னிடம் இல்லாத எது அந்த மனுசியிடம் இருக்கிறது? எனக்குத் தெரிந்து அந்தப் புதினா ஒன்றுதான் இருந்தது.

கைப்பைக்குள் வாசம்

கேட்டு வாங்குகிற கன்று பிடிக்காது, ஆளுக்குத் தெரியாமல் கிள்ளி வந்தால்தான் பிடிக்கும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. மரியாதையான மனிதர்கள்கூடக் கோயில் வளவில் செவ்வரத்தம் தடியை முறித்துச் சேலைத் தலைப்புக்குள் மறைப்பார்கள். இந்த வழக்கத்தை நான் மனதார மதிக்கிறேன்.

செப்டெம்பரில் குளிர் விட்டது. கெல்லிவில்லில் மதியச் சாப்பாடு. விஜயா அப்பளம் பொரிக்க உள்ளே போன நேரம் நான் வடக்குச் சுவரடிக்குப் போனேன். புதினாவுக்கு நிலத்துக்கு அடியில் ஓடுகிற வெள்ளைத் தண்டுகள் உண்டு, ஒவ்வொரு கணுவிலும் வேர். சாடி விளிம்பால் ஒன்று வெளியே தொங்கியது. நகத்தால் கிள்ளி, ஈரத் தாளில் சுற்றி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வரும் வழியில் கார் முழுக்க மணந்தது.

"என்ன, சூயிங்கம் சப்புறீரோ?" என்றார் மனிசன்.

"ஓம்," என்றேன்.

சில புதினா வகைகள் இரண்டு வேறு வகை கலந்து பிறந்தவை. அவை விதை வைக்காது. விதை வைக்கிறவையும் தாயைப் போல அப்படியே முளைக்காது. அதே வாசம் வேண்டுமென்றால் துண்டைத்தான் நட வேண்டும். அப்படி நட்டால் அது மகளுமில்லை, பேத்தியுமில்லை. அதே செடிதான், இன்னொரு வளவில். மனிதருக்கும் இப்படி வைத்திருக்கலாம். புதினாவுக்குச் சம்பந்தி கிடையாது.

அவசரத்தில் அதைச் சாடியில் வைக்காமல் நேரே நிலத்தில் வைத்துவிட்டேன். புதினாவை நிலத்தில் வைக்கக் கூடாது என்பது படிக்காதவருக்கும் தெரியும். ஒரு மாதத்துக்குள் என் மல்லிப் பாத்திக்கு அடியால் போய் மறுபக்கம் எழும்பிவிட்டது. எனக்குக் கவலையில்லை. வாசம் அச்சொட்டாக அதே வாசம்.

அதே செடி, அதே தண்ணீர்

ஒரு சனிக்கிழமை ஆரணி வந்தாள். வயிறு நன்றாகத் தள்ளியிருந்தது, முகம் மட்டும் ஒட்டிப்போய்க் கிடந்தது. நான் கெல்லிவில்லில் பார்த்ததை அப்படியே செய்தேன். இளஞ்சூட்டுத் தண்ணீர். கசக்கிய இலை. தேசிக்காய். உயரக் கிளாஸ்கூட வாங்கி வைத்திருந்தேன்.

அவள் ஒரு மிடறு குடித்தாள். கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அத்தை செய்யிற மாதிரி இல்லை, அம்மா."

அடியே, இது அத்தையின் செடிதான் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னொரு மிடறு குடிச்சுப் பார். புளி காணாதோ? சூடு கூடிப்போச்சோ? வயித்தைப் பிரட்டுதே?" என்று கேட்டேன்.

ஆரணி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, சொன்னாக் கோவிப்பீங்கள். நீங்க என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள். குடிச்சதோ, நிக்குதோ, வருதோ எண்டு. அதைப் பாத்தாலே எனக்குச் சத்தி வருது. ஒவ்வொரு மிடறும் எக்ஸாம் மாதிரி இருக்கு."

"அப்ப உன்ர அத்தை?"

"அவ வச்சிட்டுப் போயிடுவா."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் பள்ளிக்கூடச் சோதனைக்கும் என்று இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் நான் இத்தனை வருடம் பொழுது விடிகிறதா அடைகிறதா என்று தெரிந்துகொண்டேன். தாய் பார்க்காமல் வேறு ஆர் பார்க்கிறது? பார்த்தது பிழை என்று இப்போது சொல்கிறாள்.

உடுப்புக் கொடிக்குப் போனேன். எல்லாம் இன்னும் ஈரம். எடுத்து மடித்தேன், பிறகு திரும்பவும் விரித்துப் போட்டேன். முதுகுக்குப் பின்னால் குசினி யன்னல். திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து அந்தப் பக்கம் இழுத்தது, உண்மையாகவே நோகத் தொடங்கிவிட்டது. ஆனாலும் பார்க்கவில்லை.

உள்ளே வந்தபோது கிளாஸ் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்கே, அம்மா?" என்றாள் ஆரணி.

என் பொறாமை அதோடு அடங்கியதென்று நினைக்காதேங்கோ. கூடிவிட்டது. அதுவரை ஒரு செடியில் பொறாமைப்பட்டேன். செடியென்றால் கிள்ளிக்கொண்டு வரலாம். ஒரு கிளாஸை வைத்துவிட்டு நடந்து போகிற அந்தக் குணத்தை எங்கே கிள்ளுவது?

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு உடுப்பெல்லாம் அப்படி ஒரு சுத்தம். தோய்க்க ஒன்றுமில்லாவிட்டால் மேசைவிரிப்பைத் தோய்த்தேன். ஒருநாள் கிளாஸை வைத்துவிட்டு நான் கூடையைத் தூக்கும்போது அவள் கேட்டாள்.

"அம்மா, என்ர ரூமில ஏசி வேலை செய்யுதே? பேபிக்கு வெக்கையா இருக்குமே?"

எனக்கு ஆயிரம் கேள்வி இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"ஓம், வேலை செய்யுது," என்று சொல்லிவிட்டு உடுப்பு காயப்போடப் போனேன். கொடியடியில் நின்று அழுதேன்.

இலை மட்டும்

பேத்தி பிறந்தது நல்ல வெயில் காலத்தில். தாயும் பிள்ளையும் நேரே மெரிலேண்ட்ஸுக்கு வந்தார்கள். விஜயா சனி, ஞாயிறு வந்து பார்த்துவிட்டுப் போவார். எங்கள் கதிரையில் நுனியில் இருப்பார். பிள்ளையைத் தூக்கட்டுமா என்று என்னிடம் கேட்டுத்தான் தூக்குவார். எனக்கு அது நன்றாகவே இருந்தது. மறைப்பானேன்.

என் பின்வளவில் ஒரு கற்பூரவள்ளிச் சாடி உண்டு. குளிர் தொடங்க உள்ளே எடுத்து, உடுப்புத் தோய்க்கிற அறை யன்னலடியில் வைத்துக் காப்பாற்றுவேன். ஆரணிக்குச் சின்ன வயதிலிருந்தே தொண்டை கட்டினால் அந்த இலைத் தேத்தண்ணிதான். கலியாணம் முடித்துப் போன பிறகும் கார்த்திக்கை அனுப்பி இலை கேட்பாள். ஒரு பையில் இலை மட்டும் கொடுப்பேன். தடி கொடுக்க மாட்டேன். தடி போனால் அங்கே வளரும். இலையென்றால் முடிந்ததும் திரும்பவும் வருவார்கள் அல்லவா?

விஜயா வந்திருந்த ஒரு நாள் ஆரணி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அத்தை, அம்மான்ர கற்பூரவள்ளித் தேத்தண்ணி குடிச்சாத்தான் எனக்குச் சரிவரும்," என்றாள்.

விஜயாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். கெல்லிவில் உயரக் கதிரையில் இருந்து நான் வைத்திருந்த முகம் அது.

காற்று வாங்கப் பின்வளவுக்கு வந்தவர் புதினாப் பாத்தியைக் கண்டார். குனிந்து ஒரு இலையைக் கசக்கி மணந்தார். தண்டின் ஊதா நிறத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"புதினா நல்லா வந்திருக்குதுங்க," என்றார்.

"ஓம். கடையில வாங்கின கட்டு."

"ஆமாங்க. கடைப் புதினா நல்லாத்தான் வரும்."

நான் தேத்தண்ணி போட உள்ளே வந்தேன். குசினி யன்னலால் பார்த்தால் விஜயா சுற்றும் முற்றும் பார்த்தார். கற்பூரவள்ளிச் சாடியடியில் குனிந்தார். ஒரு தடி. இளசாக, சரியான கணுவுக்குக் கீழே. கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தார்.

கற்பூரவள்ளி எதில் குத்தினாலும் பிடிக்கும். இனி என் மகள் தொண்டைக்கு இலை கேட்டு மெரிலேண்ட்ஸுக்கு ஆள் அனுப்பத் தேவையில்லை. யன்னலைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. குழாயைத் திறந்து, கழுவிய கோப்பைகளைத் திரும்பவும் சத்தமாகக் கழுவினேன். ஆனால் ஒரு விசயம் மனதுக்குள் இனித்தது. கற்பூரவள்ளிக்குப் பனி ஆகாது, வீட்டுக்குள்ளே சாடி வைக்க அவர்களுக்கு யன்னலடியும் கிடையாது. கெல்லிவில்லில் அது தப்புவதென்றால் வடக்குச் சுவரடி ஒன்றுதான் இடம். அங்கே ஒரு சாடிக்குத்தான் இடம். அங்கே இருப்பது அவருடைய புதினா. பார்ப்போம் என்று நினைத்தேன்.

யூலை

அடுத்த குளிர்காலம் கெல்லிவில்லுக்குச் சாப்பாட்டுக்குப் போனோம். ஆரணி எப்போதோ அங்கே திரும்பிப் போய்விட்டாள், அது அவளுடைய வீடு. செருப்பைக் கழற்றாமலே நான் பின்பக்கம் போனேன்.

வடக்குச் சுவரடியில், வெந்நீர்ப் பெட்டிக்கும் குழாய்க்கும் நடுவில், என் கற்பூரவள்ளி நின்றது. இலை ஒவ்வொன்றும் தடிப்பாக, என் வீட்டில் நின்றதைவிடச் செழிப்பாக. புதினாச் சாடி வேலியோரம் நிழலில் கிடந்தது, கருகிய குச்சியாக.

என் பிள்ளையின் தொண்டைக்காக மனுசி தன் புதினாவைப் பனியில் விட்டிருக்கிறார். நானாக இருந்தால் நகர்த்தியிருப்பேனோ என்று யோசித்தேன். அந்த யோசனையும் எனக்கு எரிச்சலைத்தான் தந்தது.

விஜயா பின்னால் வந்து நின்றார். இரண்டு பேரும் கற்பூரவள்ளியைப் பார்க்கவில்லை. புதினாவைத்தான் பார்த்தோம்.

"புதினா பட்டுப்போச்சே," என்றேன்.

"அடியில உசுரு இருக்குதுங்க. வெயில் வந்தா வந்துரும்."

"அதுவரைக்கும் வேணுமெண்டால் எங்கட வளவில நிறையக் கிடக்கு. கார்த்திக்கை அனுப்புங்கோ. இலை தாறன்."

விஜயா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"இலை மட்டுந்தானுங்களா?" என்றார்.